மாட்டிக்கிச்சு

அன்று பகல் முழுவதும் எங்களுக்கு ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. நான், டெஸ்மண்ட், லுயோலோ என்று மூன்று பேர். ஆளுக்கொரு கயாக் படகு, இரைக்கு வாளி நிறைய மடவைக் குஞ்சு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பிராக் ஆற்றில் துடுப்புப் போட்டதுதான் மிச்சம். ராத்திரி டப்பாவில் அடைத்த மத்தி மீனைத் திறந்து சாப்பிட்டோம். மீன்பிடிக்கப் போனவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து டப்பா மீன் தின்பதைப்போல ஒரு கேவலம் கிடையாது. டெஸ்மண்ட் அதையும் சும்மா தின்னவில்லை, கடைசி வாய்வரை புலம்பிக்கொண்டே தின்றான்.

"இந்த ஆத்துல மீனே இல்லண்ணே. இருக்குன்னு சொல்றவன் எல்லாம் இரை விக்கிறவன்."

"மீன் இருக்குடா. உன் மூஞ்சியப் பாத்துட்டு மேல வரல," என்றான் லுயோலோ.

டெஸ்மண்டுக்கு மனசு ஆறவில்லை. எழுந்து போய் இரண்டு தூண்டில் கோலைக் கரை மணலில் நட்டு, இரை கோத்து இருட்டுக்குள் வீசினான். ஒவ்வொரு கோல் நுனியிலும் ஒரு சின்ன மணியை மாட்டிவிட்டு வந்தான். மீன் இழுத்தால் மணி அடிக்கும். ஏற்றம் தொடங்கியிருந்தது. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும்போது சேற்றுக் கரையில் நண்டு வளைகளிலிருந்து காற்று வெளியேறும், பொட்டுப் பொட்டென்று. அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நான் செம்பாறை வளைவுல போய் நங்கூரம் போடப்போறேன். ஆழம் அங்கதான். நீங்க ரெண்டு பேரும் இங்கயே கிடந்து நண்டுக்குத் தீனி போடுங்க," என்றான் டெஸ்மண்ட்.

"அங்க போடாதே," என்றேன்.

"ஏன், உங்க இடமா?"

"நம்மகூட மீன் பிடிக்க வருவானே எட்கர், அவனோட மச்சான் ஆப்ரி போட்டான். அவன் கதை தெரியாதா உனக்கு?"

தெரியாது என்றான். லுயோலோ விளக்கை அணைத்துவிட்டு, முள் விறகில் இன்னொன்றை நெருப்பில் தள்ளி, நெருங்கி உட்கார்ந்தான். நான் சொன்னேன். அவர்களுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

விடியற்காலை நாலு மணி இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற மண் பாதையில் ஆப்ரியின் பிக்கப் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மஞ்சள் கயாக். இரண்டு பக்கமும் முள்புதர், கற்றாழை. மூடுபனியில் ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. மாட்டுச் சாண வாசனை... கொஞ்சம் இறங்கியதும் உப்புச் சேற்று வாசனை.

அன்று சனிக்கிழமை. அதுதான் ஆப்ரிக்கு இந்த ஆற்றில் கடைசி நாள். திங்கட்கிழமை குடும்பத்தோடு கிம்பர்லிக்குப் போகிறான். அங்கே லாரி பழுது பார்க்கிற பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. கிம்பர்லியில் கடல் ஏது, ஏற்றம் ஏது... செம்மண்ணும் வெயிலும்தான். கயாக்கை ஒரு மாட்டு டாக்டர் அம்மாவுக்கு விற்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்.

இத்தனை வருஷத்தில் ஆப்ரி இந்த ஆற்றில் ஒரு பெரிய கோப் மீன் பிடித்ததில்லை. ஆள் உயரத்துக்கு வளர்கிற மீன் அது. வெளியே இழுத்தால் அடிவயிற்றிலிருந்து உறுமும். அவனுக்குக் கிடைத்ததெல்லாம் திருப்பி விடவேண்டிய பொடியன்கள். "மச்சான் பிடிக்கிற கோப்பை அளக்கப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும்" என்று எட்கர் எல்லோர் எதிரிலும் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். ஆப்ரியும் சிரிப்பான். ஆனால் உள்ளுக்குள் எரியும். ஒரே ஒரு மீன். கையில் பிடித்து, அளந்து, திருப்பி விட்டுவிட்டாலும் சரி. அதில்லாமல் கிம்பர்லிக்குப் போக அவனுக்கு மனசில்லை.

பாதி வழியில் பண்ணைக்காரர் கேட் போட்டு வைத்திருந்தார். இறங்கிப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தான். வரவில்லை. உதைத்தான். கையில் துரு உதிர்ந்ததுதான் மிச்சம்.

"சனியன்... மாட்டிக்கிச்சு," என்று வாய்விட்டுத் திட்டினான்.

திட்டிய கையோடு ஒரு சத்தம். கீழே, ஆறு இருக்கிற பக்கம். டிக்... டிக்... டிக்... மெதுவாக, அவசரமே இல்லாமல். ஏதோ பூச்சி என்று நினைத்துக்கொண்டான். தாழ்ப்பாள் அடுத்த இழுப்பில் தானாக வந்துவிட்டது.

துறையில் சோஃபி ஆன்ட்டி உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல், பக்கத்தில் அரிக்கேன் விளக்கோடு. இரைக்குச் சேற்று இறால் விற்கிறவள். மழையோ பனியோ, முதல் வண்டி வரும்போது அவள் அங்கே இருப்பாள்.

"தனியாவா மகனே?"

"ஆமா ஆன்ட்டி. கூட வர்றேன்னு சொன்னவன் எல்லாம் போர்வைக்குள்ள இருக்கான்."

அவள் ஒரு தகர டப்பா நிறைய இறாலைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு டப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"வளைவுப் பக்கம் யாராவது கத்தினா... கொஞ்சம் போய்ப் பாரு."

ஆப்ரிக்குச் சிரிப்பு வந்தது. "கத்தினா ஒதுங்கித்தானே ஆன்ட்டி நிக்கணும்? கிட்டப் போய் நின்னா அடிக்க வருவான்."

அவள் டப்பாவை விட்டாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பிராக் ஆற்றில் மீன்பிடிக்கிறவர்களுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. பெரிய மீன் தூண்டிலில் விழுந்தால் அவன் "மாட்டிக்கிச்சு" என்று ஒரு கத்தல் போடுவான். அதைக் கேட்டதும் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் தங்கள் தூண்டில் நரம்பைச் சுற்றித் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். குறுக்கே நரம்பு கிடந்தால் ஓடுகிற மீன் அதில் சிக்கி அறுத்துக்கொண்டு போய்விடும். சுற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கிட்டே போகக் கூடாது, கை கொடுக்கவா என்று கேட்கக் கூடாது. அது அவன் மீன். இதை மீறினவனை அப்புறம் எந்தக் கூட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். நாங்கள் குடித்துவிட்டுச் சண்டை போடுவோம், சர்ச்சுக்குக் காணிக்கை போடாமல் நழுவுவோம். ஆனால் இந்த மரியாதையில் மட்டும் யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது.

சரி. ஆப்ரி பனி விலகுவதற்குள் செம்பாறை வளைவுக்குப் போய்ச் சேர்ந்தான். ஒரு பக்கம் செங்குத்தான சிவப்புப் பாறை. எதிர்ப்பக்கம் சேறு. நடுவில் கறுப்பாக ஆழம். கயாக்கின் பின்முனை வழியாக நங்கூரக் கயிற்றை விட்டுக் கட்டினான். இரண்டு கோலிலும் இரை போட்டான்.

முதலில் நண்டு. இரையைப் போடப் போட மொட்டை முள்தான் மேலே வந்தது. அப்புறம் ஒரு கெளுத்தி. அதைக் கழற்றும்போது துடுப்பு முள் பெருவிரலில் ஏறி, கை முழங்கைவரை விண்விண்ணென்று தெறித்தது. பிறகு நரம்பு இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிரித்தான். சிக்கலைப் பிரித்து முடித்த நேரத்தில் போன் அடித்தது. மனைவி ஷெரலின்.

"அட்டைப்பெட்டி ஒட்டுற டேப்பு எங்க வெச்சீங்க?"

"ஷெரலின், நான் ஆத்து நடுவுல இருக்கேன்."

"நான் சாமான் நடுவுல இருக்கேன். டேப்பு எங்க?"

சொல்லிவிட்டு வைத்தான். வைத்த மறுநிமிஷம் இடதுபக்கக் கோல் லேசாகத் தலையாட்டியது. நண்டு இல்லை. நண்டு நிமிண்டும், இது இழுத்துப் பார்த்து விட்டது. மறுபடி இழுத்தது. ஆப்ரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோலில் கை வைத்தான். இன்னும் ஒரு இழுப்பு... அவ்வளவுதான் வேண்டும்...

"மாட்டிக்கிச்சு!"

வளைவுக்கு அந்தப்பக்கமிருந்து. ஆண் குரல், நல்ல கனமான குரல்.

யோசிக்கவே இல்லை. பழக்கம் கையை நகர்த்திவிட்டது. இரண்டு நரம்பையும் கடகடவென்று சுற்றினான். தன் மீனின் வாயிலிருந்து இரையைத் தானே பிடுங்கிக்கொண்டான். வயிறு எரிந்தது. இருந்தாலும் அந்தப்பக்கம் இருப்பவன் மீனோடு இந்தப் பக்கம்தான் வருவான் என்று காத்திருந்தான். யாரும் வரவில்லை.

"எடுத்தாச்சா?" என்று குரல் கொடுத்தான்.

தண்ணீர் பாறையில் தட்டுகிற சத்தம் மட்டும்.

மறுபடி வீசினான். ஏற்றம் இன்னும் பலமாக வந்துகொண்டிருந்தது. இந்த முறை வலதுபக்கக் கோல். பெரிய மீன், சந்தேகமே இல்லை. நரம்பு இரண்டு முழம் ஓடி நின்றது. மீன் இரையை வாயில் திருப்புகிறது. இப்போது இழுக்க வேண்டும்...

"மாட்டிக்கிச்சு!"

ஆப்ரி கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே சுற்றினான். திட்டினான், ஆனாலும் சுற்றினான். அதுதான் எங்கள் ஆட்கள். சுற்றி முடித்ததும் கோபம் தாங்காமல் நங்கூரத்தை எடுத்துவிட்டு, துடுப்பைப் போட்டு வளைவைத் தாண்டிப் போய்ப் பார்த்தான். இப்படி இரண்டு தரம் மீன் விழுகிற மகராசன் யார் என்று மூஞ்சியையாவது பார்க்க வேண்டும் அல்லவா.

யாரும் இல்லை.

நேராக நீண்ட ஆறு. கண்ணுக்கு எட்டியவரை ஒரு படகு இல்லை, கயாக் இல்லை. சேற்றில் ஒரு நாரை நின்றது. படகை இழுத்து ஏற்றிய தடம்கூட இல்லை. ஆனால் பைப் புகையிலை வாசனை அடித்தது. இனிப்பான, பழைய வாசனை... இந்தக் காலத்தில் யார் பைப் பிடிக்கிறார்கள்?

எவனோ பயல் பாறை மேல் புதரில் ஒளிந்துகொண்டு விளையாடுகிறான் என்று முடிவு கட்டினான். பாறையைப் பார்த்துக் கத்தினான். "இறங்கி வாடா. வந்தேன்னா காதைத் திருகிடுவேன்." எதிரொலிதான் வந்தது.

மதியம் தண்ணீர் வற்றியது. வற்றும்போது ஒரு கத்தலும் இல்லை, ஒரு மீனும் இல்லை. தென்கிழக்குக் காற்று கிளம்பி அவன் தொப்பியைக் கொண்டுபோனது. பொலோனி இறைச்சி வைத்துக் கட்டிய ரொட்டி தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. வெயிலில் பெருவிரல் வீங்கிவிட்டது. இடம் மாற்றினான், கீழே போனான், மேலே வந்தான். மற்ற எவனாயிருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டியிருப்பான். ஆப்ரி போகவில்லை. அடுத்த ஏற்றம் வரட்டும் என்று செம்பாறை வளைவிலேயே மறுபடி நங்கூரத்தைப் போட்டான். இந்தத் தடவை எவன் கத்தினாலும் சரி, கத்திவிட்டுப் போகட்டும். நரம்பை எடுக்கப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் ஏற்றம் தொடங்கியது. நல்ல வெளிச்சம்தான். இருட்டு, பனி எதுவும் இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் எச்சரிக்கையே கொடுக்கவில்லை. இடதுபக்கக் கோல் ஒரேயடியாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் 'கிர்ர்ர்' என்று அலறியது. மீன் ஓடும்போது ரீல் போடுகிற சத்தம் அது. நரம்பைச் சுற்றும்போது வருவது வேறு, டிக் டிக்கென்று. இரண்டையும் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்வோம். கோலைத் தூக்கினான். அந்தப்பக்கம் கனமான தலை ஒன்று இல்லை இல்லை என்று ஆட்டுவது கையில் தெரிந்தது. கோப். வாழ்நாளில் அவன் பிடிக்காத கோப்.

அப்போது வந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து, அதே குரல்.

"மாட்டிக்கிச்சு!"

காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சல் எல்லாம் ஆப்ரியின் தொண்டைக்கு வந்துவிட்டது. தலையை நிமிர்த்திக் கத்தினான்.

"எனக்குந்தான்டா மாட்டிக்கிச்சு!"

ஆறே அமைதியாகிவிட்டது.

பிறகு... டிக். டிக். டிக். இடதுபக்கம் ஒன்று. வலதுபக்கம், பாறையடியில் ஒன்று. முதுகுக்குப் பின்னால், ரொம்பக் கிட்டத்தில் ஒன்று. மூன்று ரீல்கள் நிதானமாக நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவனுக்கு வழிவிடுகிறார்கள். ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்ததாம், பரவாயில்லை, மரியாதை தெரிந்தவர்கள்தான் என்று. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். சுற்றிலும் வெறும் தண்ணீர்.

யோசிக்க நேரம் இல்லை. மீன் கயாக்கைச் சுற்றி ஓடியது. கயாக் திரும்பியது. அடியில் ஏதோ மரத்துண்டில் நங்கூரம் போய்ச் செருகிக்கொண்டது. ஏற்றத்தின் வேகம் கயாக்கை ஆற்றின் மேல்பக்கம் தள்ள, கயிறு பின்முனையைக் கீழே இழுத்தது. தண்ணீர் இருக்கைக்கு மேல் ஏறியது. கயிற்றை அவிழ்க்கத் திரும்பினான். முடிச்சு தண்ணீருக்குள் போய்விட்டது. மிச்சக் கயிறு சுருளாகக் காலடியில் கிடந்ததல்லவா, அது கணுக்காலில் விழுந்து இறுகியது. ஒரு கையில் கோல், கோலில் மீன், காலில் கயிறு. கயாக்கின் மூக்கு ஆகாயத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

"ஏய்... நங்கூரம் மாட்டிக்கிச்சு! கால் மாட்டிக்கிச்சு!"

பதில் வந்தது. பின்னால், கை எட்டுகிற தூரத்திலிருந்து. வயசான குரல், அத்தனை அன்பாக.

"அவசரப்படாதே தம்பி. உன் மீன். நாங்க எல்லாரும் சுத்திட்டோம்."

தீக்குச்சி உரசுகிற சத்தம். அந்த இனிப்பான புகையிலை வாசனை. கண்ணால் பார்த்ததாக ஆப்ரி எட்கரிடம் சத்தியம் பண்ணியிருக்கிறான். சாயங்கால வெளிச்சத்தில், ஆள் இல்லாத தண்ணீருக்கு மேல், உட்கார்ந்திருக்கிறவர்களின் வாய் உயரத்தில், மூன்று இடத்தில் புகை எழுந்தது. பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. இரை வெட்டுகிற கத்தி வலதுகைப் பக்கம் உறையில் இருந்தது. வலதுகையில் கோல் இருந்தது. இடதுகையால் எட்டிப் பார்த்தான், முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மீன் மேலே வந்தது, கயாக்கை ஒட்டி. செம்பு நிறப் பக்கமும் தட்டு மாதிரி கண்ணுமாக. அவன் தொடையைவிடப் பெரிய உடம்பு. ஒரு தரம் உறுமியது. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம்.

ஆப்ரி கோலை விட்டான்.

கோலை இழுத்துக்கொண்டு மீன் கறுப்புக்குள் போனது. அவன் கத்தியை உருவி, முதலில் காலடிக் கயிற்றை, பிறகு நங்கூரக் கயிற்றை அறுத்தான். கயாக் கீழே இருந்து உதைத்த மாதிரி மேலே வந்தது. ஏற்றம் அவனை அப்படியே வளைவைத் தாண்டி அடித்துக்கொண்டு போனது. இருமிக்கொண்டே போகும்போது பின்னால் நாக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது. உண்மையான வருத்தத்தோடு ஒருவர் கேட்டார்.

"அடடா... போச்சா?"

துறைக்கு வந்து சேர்ந்தபோது சோஃபி ஆன்ட்டி அதே பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். அவன் காலில் ரத்தம். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் தன் போர்வையை எடுத்து அவன் மேல் போட்டாள்.

"கத்தினாரா?"

"யாரு ஆன்ட்டி அது?"

"என் வீட்டுக்காரர். ஹெண்ட்ரிக்." அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நங்கூரக் கயிறு காலைச் சுத்திக்கிச்சு. நங்கூரம் மாட்டிக்கிச்சுன்னு முழுசாச் சொல்ல மூச்சு இருந்துச்சோ என்னவோ. கூடப் போன மூணு பேரும் நல்ல மனுஷங்க மகனே. வளைவுக்கு இந்தப்பக்கம் நின்னு நரம்பைச் சுத்திட்டு, பைப்பு பத்தவெச்சுட்டு இருந்தாங்க. அவசரப்படாதே, உன் மீன்னு குரல் வேற குடுத்திருக்காங்க. கத்தல் நின்ன பிறகும் கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போனாங்க. போச்சான்னு கேட்டுக்கிட்டே போயிருக்காங்க. போனா... கயாக் தலையை மேல நீட்டிக்கிட்டு நின்னுச்சாம்."

ஆப்ரி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"அவங்களை நான் என்ன சொல்றது? நான் அன்னைக்கு அந்த மேட்டு மேல துணி காயப்போட்டுட்டு இருந்தேன். எனக்கும் கேட்டுச்சு. நல்ல மீனாத்தான் விழுந்திருக்குன்னு உள்ள போய் எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வெச்சேன்."

ஆப்ரி கேட்டான். "அந்த மூணு பேரும் இப்ப இல்லையா ஆன்ட்டி?"

"ஒருத்தர் போயிட்டார். ரெண்டு பேர் நல்லாத்தான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஒருத்தர் எனக்கு முன் பெஞ்சுல உக்காருவார்." அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "இன்னும் குரல் பலமா இருக்கா மகனே?"

"பலமாத்தான் ஆன்ட்டி இருக்கு."

அவள் தலையாட்டினாள். காலி டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

ஆப்ரி இப்போது கிம்பர்லியில் இருக்கிறான். சுற்றிலும் வறண்ட காடு. ஆனால் இழுப்பறை திறக்காவிட்டாலும், லாரியில் போல்ட்டு கழலாவிட்டாலும், அந்த வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது. "வரல" என்பான், "இறுகிடுச்சு" என்பான். பட்டறையில் அவனைக் கேலி பண்ணுகிறார்களாம். சின்ன மகள் ஒருநாள் சட்டை ஜிப்பைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்திவிட்டானாம். ஷெரலின் எட்கருக்கு போன் போட்டு அழுதாள், இவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று.

கதை அவ்வளவுதான்.

நெருப்பு தணிந்திருந்தது. டெஸ்மண்ட் சிரித்தான், ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"பொய்ண்ணே. எட்கர் கட்டி விட்டிருப்பான்."

"சரி, பொய். நாளைக்கு வளைவுல போய் நங்கூரம் போடு."

"போட மாட்டேன்னு சொல்லலையே... இங்கயும் ஆழம் இருக்கத்தானே செய்யுது. இங்க இருக்கிற மீன் என்ன மட்டமா?"

"வந்துட்டான் வழிக்கு," என்றான் லுயோலோ. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்து மூடியைத் திருகினான். திரும்பவில்லை. சட்டை நுனியை மேலே போட்டுப் பிடித்து மறுபடி திருகினான்.

"சே... மூடி மாட்டிக்கிச்சு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை அப்படியே நின்றது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டெஸ்மண்ட் நட்ட கோல்கள் இருக்கிற பக்கம் ஒரே இருட்டு.

மணி அடிக்கவில்லை.

டிக்... டிக்... டிக்...

நிதானமாக, அவசரமே இல்லாமல். பிறகு இரண்டாவது ரீலும் சுற்றத் தொடங்கியது.